அணு உலை சிமுலேட்டர்ல சிக்கிட்டீங்களா? அறிகுறியப் பாத்து காரணத்தப் பிடிக்கிற வழி

திருகோணமலையில ஏ எல் பிசிக்ஸ் படிக்கிற பிள்ளைகளும் படிச்சு முடிச்ச பிள்ளைகளும் கொஞ்சப் பேர் சேந்து லப்டொப்ல அணு உலை சிமுலேட்டர் ஓட்டிப் பழகிறம். இலங்கையில அணு மின் நிலையம் ஒண்டும் இல்ல, ஆனா மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கூடங்குளத்துல ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டா ரெண்டு உலை ஓடுது, நாளைக்கு நம்ம நாட்டுக்கும் வேணுமா வேணாமா எண்டு கதை வந்தா அதப்பத்தி விளங்கிக் கதைக்க நம்ம பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்க வேணும், அதுக்காகத்தான் இந்த மினக்கெடல். வாட்ஸ்அப்ல ஒரே கேள்விதான் சுத்திச் சுத்தி வருது, "சேர் கோல இழுத்தும் பவர் ஏறுதில்ல", "சேர் உலைய நிப்பாட்டினாப் பிறகும் சூடு ஏறுது" எண்டு, அதால எல்லாத்தையும் ஒரு இடத்துல எழுதிப் போடுறன். கோல் எண்டு சும்மா சொன்னா அது நியூத்திரன விழுங்கிற கட்டுப்பாட்டுக் கோல், உள்ள தள்ளினா பவர் இறங்கும், வெளிய இழுத்தா ஏறும். உங்களுக்கு வந்த சிக்கல் எதுவோ அந்த இடத்துக்கு நேரா போய் வாசிங்க.

போக முதல் ஒரு விஷயம். சிமுலேட்டர் திரையில நூறு எண் ஓடும், அலாரம் பத்து அடிக்கும், எல்லாத்தையும் ஒரே நேரத்துல பாக்கப் போனா தலை சுத்தும். நீங்க கேக்க வேண்டியது ஒரே கேள்விதான்: வெப்பம் இப்ப எந்த இடத்துல உண்டாகுது, எந்த இடத்துல மாட்டிக்கொண்டு நிக்குது? யுரேனியம் 235 கரு பிளக்கேக்க ஒரு பிளவுக்கு 200 மெகா இலத்திரன் வோல்ட் அளவுல சக்தி வருது, அது எரிபொருள் கோல சூடாக்குது, அந்தச் சூட்ட முதல் சுற்றுத் தண்ணி எடுத்துக்கொண்டு நீராவி பிறப்பாக்கிக்குப் போகுது, அங்க குழாய்ச் சுவர் வழியா ரெண்டாம் சுற்றுத் தண்ணிக்குக் குடுக்குது, அது ஆவியாகி டர்பைனச் சுத்துது, மிச்சச் சூடு, ஆவி திரும்பத் தண்ணியாகிற கண்டென்சர்ல கடல் தண்ணிக்குப் போகுது. மூண்டு தண்ணி, மூண்டும் ஒண்டோட ஒண்டு கலக்காது. அணு எண்ட சொல்லுக்குரிய வேலை இதுல முதல் படியில மட்டும்தான் இருக்கு, மிச்சம் முழுக்கத் தண்ணியும் ஆவியும்தான், சிக்கலும் பெரும்பாலும் அங்கதான் வரும்.

கீழ வாற எண்ணெல்லாம் அமுக்க நீர் உலைக்கு (முதல் சுற்றுத் தண்ணியக் கொதிக்க விடாம அமுக்கத்துல வைச்சிருக்கிற ரகம்), அதாவது 3000 மெகாவாட் வெப்பம், 1000 மெகாவாட் மின் எண்ட அளவுல ஒரு யூனிட்டுக்கு.

உலை 100 வீதம் ஓடுது, ஆனா கரண்ட் மூண்டுல ஒண்டுதான் வருது

பிழை இல்ல, விடுங்க. ஆவி 280 பாகை செல்சியஸ் அளவுலதான் வருது, கெல்வின்ல 553. கண்டென்சர் 40 பாகை எண்டா 313. 313 ஐ 553 ஆல பிரிச்சு ஒண்டுல இருந்து கழிச்சுப் பாருங்க, 43 வீதம், இதுக்கு மேல எந்த மெஷினாலயும் எடுக்க ஏலாது. நடைமுறையில உராய்வு, ஈர ஆவி எல்லாம் போக 33 வீதம் மிஞ்சும். ஏன் ஆவிய இன்னும் சூடாக்கக் கூடாது எண்டு கேட்டா, முதல் சுற்றுத் தண்ணி கொதிக்காம இருக்கவே 155 பார் அமுக்கத்துல வைச்சிருக்கிறம், இதுக்கு மேல போறதெண்டா பாத்திரத்தோட சுவர் தடிப்பு எங்கயோ போயிரும்.

உலை அசையாம நிக்குது, மெகாவாட் மட்டும் மெல்ல மெல்ல இறங்குது

இது நமக்கு மிச்சம் கிட்டின சிக்கல், ஏனெண்டா இது கடலோட சேந்தது. முதல்ல கண்டென்சர் அமுக்கத்தப் பாருங்க. நல்லா ஓடேக்க 0.05 பார் அளவுல, கிட்டத்தட்ட வெற்றிடமா இருக்கும், அந்த வெற்றிடம்தான் டர்பைன்ட கடைசித் தகடுகள்ல இருந்து வேலைய உறிஞ்சி எடுக்குது. அது 0.08, 0.10 எண்டு ஏறிக்கொண்டு போனா டர்பைனுக்குப் பின்பக்கம் மூச்சு முட்டுது எண்டு அர்த்தம்.

ரெண்டாவதா கடல்தண்ணி உள்ள வாற வெப்பநிலையப் பாருங்க. சிமுலேட்டர்ல அத மாத்தலாம், மாத்திப் பாக்காதவங்க கட்டாயம் ஒருக்கா செய்யுங்க. குளிர் நாட்டு எண் 12 பாகை போட்டா, தண்ணி கண்டென்சருக்குள்ள ஒரு 8 பாகை சூடேறி, குழாய்ச் சுவருக்காக இன்னும் 4 பாகை கூட்டி, ஆவி 24 பாகையில ஒடுங்கும், அமுக்கம் 0.03 பார். இப்ப நம்ம உப்புவெளிக் கடல்ல கால நனைச்சா தெரியிற வெப்பம், 29 எண்டு போடுங்க. ஆவி ஒடுங்கிறது 41 பாகையில, அமுக்கம் 0.078. உலையில ஒரு கோலும் அசையல்ல, எரிபொருளும் அதேதான், ஆனா மெகாவாட் இறங்கி நிக்கும். வெப்ப வலயத்துல நிலையம் கட்டினா இந்த இழப்பு வருசம் முழுக்க இருக்கும், பேப்பர்ல விளம்பரமா வாற மெகாவாட் எண்ணப் பாக்கேக்க எந்தக் கடல் வெப்பநிலைக்கு எண்டு கேக்கிற பழக்கம் எல்லாருக்கும் வரவேணும் எண்டது என்ட ஆசை.

வெப்பநிலை மாறல்ல, ஆனா வெற்றிடம் கெடுது எண்டா மூண்டு இடம் பாருங்க. ஒண்டு, காத்து உள்ள ஒழுகுது, காத்து உறிஞ்சுற பம்ப் வழமையவிடக் கூடுதலா வேலை செய்யும். ரெண்டு, குழாய்க்குள்ள பாசியும் சிப்பியும் பிடிச்சு வெப்பம் கடக்கிறது குறைஞ்சிட்டுது, தண்ணி வழமை போல ஓடும் ஆனா வெளிய வாற தண்ணிக்கும் ஆவிக்கும் இடையில வெப்பநிலை வித்தியாசம் கூடும். மூண்டு, தண்ணியே குறைவா வருது, இதுக்கு அடையாளம் வெளிய போற தண்ணி வழமையவிடச் சூடா இருக்கிறது. அப்பிடியெண்டா உள்ளெடுக்கிற வாயில சல்லடை அடைபட்டிருக்கு. நம்ம கடல்ல வலை போடுறவங்களுக்குச் சொறிமுட்டை (ஜெலி மீன்) ஏறிவாற காலம் எப்பிடி இருக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல, வலையத் தூக்கவே ஏலாது. அதே சொறிமுட்டை 2025 ஓகஸ்ட்ல பிரான்சுல கிராவலின் நிலையத்துட சல்லடையில ஏறி நாலு உலைய நிப்பாட்ட வைச்சது, 2013ல சுவீடன்ல ஒஸ்கார்ஷாம்லயும் அதுதான் நடந்தது. அணுவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கண்டென்சருக்குத் தண்ணி இல்லாட்டி வெப்பம் போக வழி இல்ல, அவ்வளவுதான். சிமுலேட்டர்ல இது வந்தா டர்பைன் தானா டிரிப் ஆகும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதீங்க, முதல்ல லோட இறக்குங்க, பிறகு அடைப்பத் தேடுங்க.

பவர் இறக்கினன், திரும்ப ஏத்தப் பாக்கிறன், கோல இழுத்தாலும் ஏறுதில்ல

இதுலதான் எல்லாப் பிள்ளைகளும் மாட்டுறாங்க, அதால கொஞ்சம் ஆறுதலாச் சொல்றன்.

சந்தேகப்பட வேண்டிய ஆள் செனன் 135, உலைக்குள்ளயே உண்டாகிற ஒரு வாயு. பிளவுல நேரடியா அது கொஞ்சம்தான் வருது, பெரும்பங்கு அயடின் 135 சிதைஞ்சு வாறது. அயடின்ட அரைவாழ்வு 6.6 மணித்தியாலம், செனன்ட அரைவாழ்வு 9.1 மணித்தியாலம். செனன் நியூத்திரன விழுங்கிறதுல ஒரு பேய், வேற எந்தக் கருவும் அதுக்குக் கிட்ட வராது. உலை முழுப் பவர்ல ஓடேக்க நிறைய நியூத்திரன் இருக்கிறதால செனன் வந்த கையோட எரிஞ்சுபோகும், ஒரு சமநிலை இருக்கும். நீங்க பவர இறக்கினதும் நியூத்திரன் குறையுது, செனன எரிக்க ஆள் இல்ல, ஆனா முதலே சேந்திருந்த அயடின் தன்ட பாட்டுல சிதைஞ்சு செனன ஊத்திக்கொண்டே இருக்கு. அதால நிப்பாட்டிப் பத்து, பதினொரு மணித்தியாலம் வரைக்கும் செனன் ஏறும், பிறகுதான் இறங்கத் தொடங்கும். அந்தக் குழிக்குள்ள நிண்டுகொண்டு கோல இழுத்தா ஏறாதுதான்.

செய்ய வேண்டியது: கடைசியா எப்ப பவர் மாத்தினது எண்டு நேரத்த எழுதுங்க, செனன் வளைகோட்டத் திறந்து நீங்க ஏத்தத்துல நிக்கிறீங்களா இறக்கத்துல நிக்கிறீங்களா எண்டு பாருங்க. ஏத்தத்துல எண்டா முதல் சுற்றுத் தண்ணியில கரைச்சிருக்கிற போறன்ட (boron, இதுவும் நியூத்திரன விழுங்கும்) செறிவக் குறைக்கலாம், ஆனா எரிபொருள் பழசா இருந்தா தண்ணியில குறைக்கப் போறனே மிச்சமிருக்காது, அப்ப ஒரே வழி காத்திருக்கிறதுதான். சிமுலேட்டர்ல நேரத்த வேகமாக்கி ஒரு நாள் தள்ளுங்க. அதுக்கு முதல் போறன் அளவு சரியா, கோல் திரையில காட்டுற இடத்துல உண்மையா நிக்குதா எண்டும் பாத்திருங்க.

இந்தச் சிக்கல முதல்முதல் அனுபவிச்சவங்க அமெரிக்காவில ஹான்ஃபோர்ட் பி உலைய ஓட்டினவங்க. 1944 செப்டெம்பர் கடைசியில உலை நல்லா ஏறி, பிறகு ஒருத்தரும் தொடாம பவர் மணிக்கு மணி இறங்கி அடுத்த நாள் செத்துப்போச்சு, கொஞ்ச நேரத்தால தானா உயிர் வந்திச்சு. தண்ணி ஒழுகுதோ எண்டு தேடினாங்க. பௌதிகவியலாளர் ஜோன் வீலர், உலை செத்த நேரத்தையும் உயிர் வந்த நேரத்தையும் வைச்சு அரைவாழ்வக் கணக்குப் போட்டு செனனப் பிடிச்சார், முதல் அணு உலையக் கட்டின ஃபெர்மியும் அங்க நிண்டவர். 1500 குழாய் போதும் எண்ட இடத்துல பொறியியலாளர்மார் முன்யோசனையா 2004 குழாய் வைச்சிருந்தபடியால மிச்சத்துலயும் எரிபொருள் போட்டு செனன மேவிக்கொண்டு ஓட்டினாங்க. அறிகுறிய வைச்சுக் காரணம் தேடுறதுக்கு இதவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல்ல: அவங்க பிடிச்ச நூல் பவர் எவ்வளவு எண்டது இல்ல, இறங்க எடுத்த நேரமும் ஏற எடுத்த நேரமும்.

செய்யக் கூடாதது: செனன மேவிறதுக்காகக் கோல் எல்லாத்தையும் இழுத்து வெளிய எடுக்கிறது. 1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபில்ல பவர் 30 மெகாவாட் வெப்பத்துக்கு விழுந்தாப் பிறகு, கோல மளமளவெண்டு இழுத்துத்தான் 200க்குக் கொண்டு வந்தாங்க. அந்த ரக உலையில தண்ணி ஆவியானா பவர் கூடும், அவசரமா இறக்கிற கோல்ட நுனியில காரீயம் (கிராஃபைட்) வேற, பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். உங்கட சிமுலேட்டர்ல இருக்கிற அமுக்க நீர் உலை அப்பிடிப் பாயாது, ஆனா அந்தக் கைப்பழக்கம் வேணாம்.

டர்பைன் வால்வத் திறந்தன், நான் கோலத் தொடவே இல்ல, உலை தானா ஏறிட்டுது

சில பிள்ளைகள் பயந்து உடன டிரிப் பட்டன அமத்துறாங்க. அமத்தாதீங்க, இதுதான் இந்த உலையில எனக்கு மிச்சம் பிடிச்ச விஷயம். ஆவி கூடப் போனா முதல் சுற்றுத் தண்ணியில இருந்து கூட வெப்பம் போகும், தண்ணி கொஞ்சம் குளிர்ந்து திரும்பி வரும், குளிர்ந்த தண்ணிக்கு அடர்த்தி கூட, அதால நியூத்திரன நல்லா மெதுவாக்கும், பிளவு கூடும். பவர் ஏற எரிபொருள் சூடாகும், எரிபொருள்ல இருக்கிற யுரேனியம் 238 சூடானா கூடுதலா நியூத்திரன விழுங்கும், ஏத்தம் தானா நிக்கும். உலை டர்பைனுக்குப் பின்னால போகுது, யாரும் தள்ளல்ல. பாக்க வேண்டியது ஒண்டுதான், ஏத்தம் புது அளவுல போய் நிண்டிட்டுதா எண்டு. நிக்காம சராசரி வெப்பநிலை இறங்கிக்கொண்டே போனா எங்கயோ ஆவிக் குழாய் உடைஞ்சு கொட்டுது, அப்ப அமத்துங்க.

அமுக்கம் இறங்குது, ஆனா பிரஷரைசர் மட்டம் ஏறுது

பிரஷரைசர் எண்டா முதல் சுற்றுட அமுக்கத்தப் பிடிச்சு வைக்கிற தாங்கி, கீழ தண்ணி, மேல ஆவி. இந்த ரெண்டும் சேந்து வந்தா நிமிந்து உக்காருங்க. தண்ணி மட்டம் ஏறினா தண்ணி கூடிட்டு எண்டுதான் யாருக்கும் தோணும், அதால தண்ணி ஏத்துற பம்ப நிப்பாட்டக் கை போகும். நிப்பாட்டாதீங்க.

1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு அமெரிக்காவில திரி மைல் ஐலண்ட்ல இதேதான் நடந்தது. பிரஷரைசருக்கு மேல இருக்கிற, அமுக்கம் கூடினா திறந்து விடுற ரிலீஃப் வால்வு திறந்து, மூட வேண்டிய நேரத்துல மூடாம இறுகிட்டுது. பலகையில விளக்கு அணைஞ்சுதான் இருந்தது. ஆனா அந்த விளக்கு வால்வு மூடியிருக்கு எண்டதக் காட்டல்ல, மூடச் சொல்லிக் கட்டளை போயிட்டு எண்டத மட்டும் காட்டினது. மேல ஓட்டை, அமுக்கம் விழ விழ உலைக்குள்ள தண்ணி கொதிச்சுக் குமிழி வந்து, அந்தக் குமிழி தண்ணியப் பிரஷரைசருக்குள்ள தள்ளினது, மட்டம் ஏறினது, அவங்க பம்பக் குறைச்சாங்க. ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வால்வு அப்பிடியே கிடந்தது, உலையில பாதியளவு உருகிட்டுது.

உங்களுக்கு வழி: முதல் சுற்று அமுக்கத்த எடுங்க, நீராவி அட்டவணையத் திறங்க, அந்த அமுக்கத்துல தண்ணி எத்தின பாகையில கொதிக்கும் எண்டு பாருங்க, பிறகு உலைய விட்டு வெளிய வாற தண்ணிட வெப்பநிலையோட ஒப்பிடுங்க. 155 பார்ல 345 பாகை, தண்ணி 325ல வந்தா 20 பாகை இடைவெளி இருக்கு, நல்லம். 90 பார்ல கொதிநிலை 303 தான், தண்ணி 310 எண்டு காட்டினா உள்ள கொதிக்குது, மட்டம் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. அடுத்தது ரிலீஃப் வால்வுக்குப் பின்னால போற குழாய்ட வெப்பநிலை, அது சூடா இருந்தா வால்வு ஒழுகுது, அதுக்கு முன்னால இருக்கிற மறிப்பு வால்வ மூடுங்க. விளக்கப் பாத்து முடிவு எடுக்காம ரெண்டு வேற மீட்டரால உறுதிப்படுத்துங்க, இத நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் கெஞ்சிக் கேக்கிறது.

உலைய நிப்பாட்டிட்டன், கோல் எல்லாம் உள்ள, ஆனாலும் வெப்பநிலை ஏறுது

பிளவு நிண்டிட்டுது, ஆனா பிளந்த துண்டுகள் சிதைஞ்சுகொண்டே இருக்கு. நிப்பாட்டின உடன 6, 7 வீதம், அதாவது 200 மெகாவாட் அளவு. ஒரு மணித்தியாலத்தால 40 மெகாவாட்டுக்குக் கிட்ட, ஒரு நாளால 15க்குக் கிட்ட. 15 எண்டா சின்னன் எண்டு நினைக்கக் கூடாது, அத ஆவியாக்கித்தான் போக்கிறதெண்டா மணிக்கு 20 தொன் தண்ணி வேணும், ரெண்டு மூண்டு பௌசர் தண்ணி, ஒவ்வொரு மணித்தியாலமும், ராப்பகலா. கன்னியாவில வெந்நீர்க் கிணத்துல குளிக்கிற பிள்ளைகளுக்கு ஒண்டு சொல்றன், பூமிக்குள்ள இருந்து வாற வெப்பத்துல கிட்டத்தட்ட அரைவாசி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதையிறதால வாறதுதான். சிதைவு வெப்பத்த ஒரு பட்டனாலயும் நிப்பாட்ட ஏலாது.

அதால பாக்க வேண்டிய வரிசை இதுதான்: பம்புக்குக் கரண்ட் இருக்கா, வெளி வலையமைப்பு போயிட்டா டீசல் ஜெனரேட்டர் எழும்பிட்டா, நீராவி பிறப்பாக்கிக்குத் துணைத் தண்ணி போகுதா, ஆவிய வெளிய விடுற வால்வு திறக்குதா. நாலும் சரியெண்டா வெப்பநிலை நிக்கும்.

2004 டிசம்பர் 26 நம்ம கரைக்கு வந்த அதே சுனாமி தமிழ்நாட்டுல கல்பாக்கம் அணு மின் நிலையத்துக்கும் போனது. அங்க ரெண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது, கடல்தண்ணி பம்ப் அறைக்குள்ள ஏறி கண்டென்சர் பம்ப் நிண்டுபோச்சு, ஆனா கரண்ட் இருந்தது, உலைய நிப்பாட்டிப் பத்திரமாக் குளிர வைச்சாங்க. 2011 மார்ச் 11 ஃபுகுஷிமாவில நிலநடுக்கத்தோட உலைகள் ஒழுங்கா நிண்டது, பிறகு வந்த அலை கீழ் மாடியில இருந்த டீசலையும் சுவிட்ச் பலகையையும் மூழ்கடிச்சது, வெப்பத்துக்குப் போக வழி இல்லாம மூண்டு உலை உருகினது. அலை ரெண்டு இடத்துலயும் வந்தது, வித்தியாசம் கரண்ட்ல இருந்தது. நம்ம ஊர்ல அலையப் பாத்த குடும்பங்களுக்கு டீசல எந்த உயரத்துல வைக்கிறது எண்டது வெறும் பரீட்சைக் கேள்வி இல்ல.

இதுக்குள்ள இன்னொண்டும் இருக்கு. எரிபொருள் கோல்ட உறை சிர்கோனியக் கலப்புலோகம், நம்ம புல்மோட்டை மணல்ல இருக்கிற சிர்கன்ல இருந்து எடுக்கிற அதே உலோகம். நியூத்திரன விழுங்காததால அத எடுத்தாங்க, ஆனா 1200 பாகையத் தாண்டினா ஆவியோட வேகமாத் தாக்கம் புரிஞ்சு ஐதரசனையும் இன்னும் வெப்பத்தையும் விடும். ஃபுகுஷிமாவில கட்டிடம் வெடிச்சது இந்த ஐதரசனால. சிமுலேட்டர்ல ஐதரசன் எண் அசையத் தொடங்கினா நீங்க ஏற்கனவே பிந்திட்டீங்க.

ஆவிக் குழாய்ல கதிர்வீச்சு அலாரம், இல்லாட்டி ஊட்டத் தண்ணியில உப்பு

ரெண்டும் குழாய்ச் சுவர் ஓட்டைதான், ஆனா வேற வேற இடம். ஆவியில கதிர்வீச்சு எண்டா நீராவி பிறப்பாக்கிக் குழாய், முதல் சுற்று அமுக்கம் கூட எண்டபடியால தண்ணி ரெண்டாம் சுற்றுக்குப் பாயுது. எந்தப் பிறப்பாக்கியில மட்டம் காரணமில்லாம ஏறுது எண்டு பாத்து அதத் தனிமைப்படுத்துங்க. உப்பு எண்டா கண்டென்சர் குழாய், வெற்றிடம் கடல் தண்ணிய உள்ள இழுக்குது. கடத்துதிறன் மீட்டர் முதல் சொல்லும்.

ஜெனரேட்டர வலையமைப்போட சேக்க ஏலாம இருக்கு

டர்பைன் நிமிசத்துக்கு 3000 சுத்துல, மீடிறன் 50 ஹேட்ஸ், ஆனா பிரேக்கர் ஏத்துக்கொள்ளுதில்ல. வோல்ட்டளவு ஒண்டா எண்டு பாருங்க, பிறகு ஜெனரேட்டர்ட அலையும் வலையமைப்புட அலையும் ஒண்டாப் போகுதா எண்டு காட்டுற சின்க்ரோஸ்கோப் முள்ளப் பாருங்க. முள் அசையாம நாலு மணிப் பக்கம் நிண்டா மீடிறன் சரி, அவத்தை (phase) பிழை, டர்பைனக் கொஞ்சம் வேகமாக்கி முள்ள மெல்ல வலஞ்சுழியா நகர வைச்சு, 12 மணியத் தொட முதல் மூடுங்க. மூடின உடன பின்னோட்டப் பவர் எண்டு டிரிப் ஆனா, நீங்க ஆவி குடுக்காம மூடியிருக்கிறீங்க, வலையமைப்பு உங்கட ஜெனரேட்டர மோட்டராச் சுத்துது. மூடின கையோட லோட் ஏத்துங்க.

சேந்தாப் பிறகு யூனிட் டிரிப் ஆகேக்க மீடிறன் 49க்குக் கீழ விழுந்து எல்லாமே இருட்டாகுது எண்டா, உங்கட உலையில பிழை இல்ல, வலையமைப்பு சின்னன். ஒரு யூனிட் முழு வலையமைப்புல 10 வீதத்துக்கு மேல போகக் கூடாது எண்டு ஒரு பொது விதி இருக்கு. இலங்கையில உச்ச நேரத் தேவை 3000 மெகாவாட் அளவுலதான் நிக்குது, நுரைச்சோலை நிலக்கரி நிலையத்துல ஒரு யூனிட் 300. அதுக்குள்ள 1000 மெகாவாட் யூனிட் ஒண்ட வைச்சா அது விழுற அண்டைக்கு என்ன நடக்கும் எண்டத வலையமைப்புப் பெட்டியில 3000 போட்டு, யூனிட்ட முழு லோட்ல டிரிப் பண்ணிப் பாருங்க, பிறகு யூனிட்ட 300 ஆக்கித் திரும்பப் பண்ணுங்க. ரெண்டு மீடிறன் வளைகோட்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து குரூப்ல போடுங்க, வாற ஞாயிறு அத வைச்சுக் கதைப்பம்.